ரவாவுக்குத் தூர் வாரிய கதை

முயலுக்கு யூரின் பிராப்ளம் வரும்னு சொன்னா எங்க ஹாஸ்டல்ல முதல்ல எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம், "அதுக்கெல்லாமா டாக்டர் இருக்காங்க?" என்று கேட்பாங்க. இருக்காங்க. கொஞ்ச பேர்தான், ஆனா இருக்காங்க. முயல் வளர்க்கிறவங்களுக்கும், வளர்க்கலாம்னு ஆசைப்படுறவங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். தமிழ்ல எழுதக் காரணம் எங்க அம்மா. இந்த விஷயத்தையெல்லாம் நான் இங்கிலீஷ்ல படிச்சு, ஃபோன்ல அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லிச் சொல்லித்தான் எனக்கே ஒழுங்கா புரிஞ்சுது.

எங்க வீடு பவானி பக்கம். எதிர் வீட்டு அக்கா கல்யாணமாகி பெங்களூர் போகும்போது அவங்க முயலை எங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க. லேசா வறுத்த ரவை மாதிரி ஒரு நிறம். பேரும் ரவாதான். அப்போ அவனுக்கு நாலு வயசு. ரெண்டடிக் கூண்டுல, முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் பாக்கெட் தீவனமும் சாப்பிட்டு வளர்ந்தவன். அந்த அக்கா பாசமாத்தான் வளர்த்தாங்க. கீரை உடம்புக்கு நல்லதுன்னுதானே நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்காங்க?

வந்து ரெண்டு மாசத்துல அம்மா ஃபோன் பண்ணாங்க. "கண்ணு, ரவா உக்காந்த இடமெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்குது. பின்னாடி எப்பவும் ஈரமாவே இருக்கான்." அடுத்த நாள் இன்னொரு ஃபோன். "ஒண்ணுக்குப் போக உக்காந்தா எந்திரிக்கவே மாட்டேங்குறான். முதுகைக் கூனிக்கிட்டு பல்லை நறநறங்குறான்." அதுக்கு அடுத்த நாள் காலையில் அவன் புல்லைத் தொடவே இல்லை.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். முயல் வலியை வெளியே காட்டாது. காட்டுல அது எல்லாருக்கும் இரை. நோஞ்சானா தெரிஞ்சா முதல்ல அதைத்தான் பிடிப்பாங்க. அதனால வலிச்சாலும் சும்மா ஒரு மூலையில் உட்கார்ந்துக்கும், அவ்வளவுதான். பல்லைக் கடிக்கிறதும் சாப்பாட்டை விடுறதும்தான் அதோட அழுகை. அரை நாளுக்கு மேல ஒரு முயல் சாப்பிடலைன்னா அதோட குடல் ஓட்டமே நின்னுபோற ஆபத்து இருக்கு. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பதே கிடையாது.

ஊர் டாக்டர் நல்ல மனுஷன். "நான் மாடு ஆடு பாக்குறவன்மா, முயல் பாக்குறவங்ககிட்ட இன்னைக்கே கொண்டு போயிருங்க" என்று நேராகச் சொல்லிவிட்டார். அப்பா அட்டைப்பெட்டியில் துணி விரித்து ரவாவை வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு வண்டி ஏறினார், கூடவே அம்மாவும். நான் காலேஜில் இருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். எக்ஸ்-ரே எடுத்தாங்க. வயிற்றுக்குள்ள ஒரு கோழி முட்டையை வச்ச மாதிரி மூத்திரப் பை வெள்ளையா தெரிஞ்சுது. சாதாரணமா அது அப்படித் தெரியவே கூடாதாம். உள்ளே இருந்தது கேல்சியம். கல்லா இறுகலை, பற்பசை மாதிரி குழகுழன்னு சேறு.

ஏன் அப்படி? நம்ம உடம்பு தனக்கு வேணுங்கிற அளவு கேல்சியத்தை மட்டும் சாப்பாட்டில் இருந்து எடுத்துக்கும், மிச்சம் பெரும்பாலும் மலத்தில் போயிடும். முயல் அப்படி இல்லை. சாப்பாட்டில் எவ்வளவு கேல்சியம் இருக்கோ அதுக்கு ஏத்தபடி ரத்தத்துக்குள்ள இழுத்துக்கும். அப்புறம் வேண்டாததைச் சிறுநீரகம் வழியா வெளியேத்தும். மற்ற பாலூட்டிகள் 2 சதவீதத்துக்கும் கம்மியா கேல்சியத்தைச் சிறுநீரில் விடும்போது, முயல் 45 முதல் 60 சதவீதம் வரை விடும். அதனால ஆரோக்கியமான முயலோட மூத்திரமே கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும். கலங்கல் தப்பில்லை. அது சேறாகி அடியில் தங்குறதுதான் பிரச்சினை.

நான் சிவில். ஏரியை நினைச்சுப் பாருங்க. வரத்துத் தண்ணியில் வண்டல் இருக்கு, ஓட்டம் இல்லை. வண்டல் அடியில் படியும், மேல் தண்ணி மட்டும் கலிங்கு வழியா வெளியே போகும். நாலு கால்ல நிக்கிற முயலுக்கும் இதேதான். சேறு பையோட அடிப்பக்கம் தங்கிடும், தெளிஞ்ச மூத்திரம் மட்டும் வெளியே வரும். அதனால "ஒண்ணுக்குப் போறானே, அப்புறம் என்ன" என்று ஏமாந்துடக் கூடாது. தண்ணி கம்மியா குடிச்சா, கூண்டிலேயே அசையாம கிடந்தா, உடம்பு பெருத்தா, தூர் சீக்கிரம் சேரும்.

என் ரூம்மேட் கெமிக்கல். "கேல்சியம் கார்பனேட்தானே, எலுமிச்சை ஜூஸ் குடு, கரைஞ்சிடும்" என்றாள். பிளஸ் டூ கெமிஸ்ட்ரிப்படி சரிதான். ஆனா இலை தழை தின்கிற முயலோட மூத்திரம் காரத்தன்மை உள்ளது, பிஹெச் 8-க்கு மேல. வாயில் ஊத்துற எலுமிச்சை அதை மாத்தாது. வயிறுதான் கெடும்.

அப்போ வழி? தூர் வாருறதுதான். தோலுக்கு அடியில் சலைன் ஏத்தி, வலி மருந்து போட்டு, மயக்கம் கொடுத்து, சின்னக் குழாய் விட்டுப் பையைக் கழுவணும். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: மயக்கத்தில் இருந்து முயல் எழுந்திரிக்காமலும் போகலாம். செலவு 6,000 ரூபாய்க்குக் குறையாது.

அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "300 ரூபா முயலுக்கா கண்ணு?" என்றார். கோபமா இல்லை, நிஜமாவே கேட்டார். அந்த மாசம்தான் எனக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டியிருந்தார். என்கிட்ட பதில் இல்லை. அம்மாதான், "ஏனுங்க, அது வலியில பல்லைக் கடிக்குதுங்க" என்றார். அதுக்கு மேல ஒரு வார்த்தையும் சொல்லலை. சம்மதப் படிவத்தில் அம்மாவே கையெழுத்துப் போட்டாங்க. என் ரேங்க் கார்டைத் தவிர அம்மா வேறெதுலயும் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

வெறும் வயிறோட கொண்டு வரணுமான்னு கேட்டதுக்கு டாக்டர் வேண்டாம்னுட்டார். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால நம்மை மாதிரி ராத்திரியெல்லாம் பட்டினி போட வேண்டியதில்லை. போட்டா குடல்தான் கெடும். ரவா எழுந்தான். ட்ரேயில் இருந்தது அசல் சுண்ணாம்புக் குழம்பு.

அதுக்கப்புறம்தான் உண்மையான வேலை. தூர் வாரின ஏரியில் திரும்ப வண்டல் வராம பார்த்துக்கணுமே. நாங்க செய்றதைச் சொல்றேன்.

தண்ணி. பாட்டிலில் நக்கிக் குடிக்கிறதைவிட அகலமான கனமான கிண்ணத்தில் முயல் நிறைய குடிக்கும். ரெண்டு மண் சட்டி, ரெண்டு மூலையில். கீரையைக் கழுவி உதறாம அப்படியே போடுறோம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லி வரை முயல் குடிக்கும். எங்க ஊர் வெயிலுக்கு மேல் கணக்குதான்.

சாப்பாடு. எப்பவும் புல்தான் பிரதானம். அருகம்புல்லை அப்பா வாய்க்கால் ஓரத்தில் அறுத்துட்டு வர்றார். (300 ரூபாய் பேச்சு அதோட முடிஞ்சுது.) 100 கிராம் அகத்திக்கீரையில் சுமார் 1,100 மில்லிகிராம் கேல்சியம், முருங்கைக்கீரையில் 440. கொத்தமல்லியில் 184. அதனால அகத்தியும் முருங்கையும் கட். குதிரை மசாலும் வளர்ந்த முயலுக்கு வேண்டாம், குட்டிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும்தான் அது தேவை. தீவனம் ரெண்டு ஸ்பூன். ஆனா கேல்சியத்தை ஒரேயடியா நிறுத்தக் கூடாது. முயலுக்குப் பல் வாழ்நாள் பூரா வளரும், அதுக்கும் எலும்புக்கும் கேல்சியம் வேணும்.

ஓட்டம். கூண்டு இப்போ தூங்க மட்டும். டைல்ஸ் தரை வழுக்குதுன்னு ஓடாம உட்கார்ந்தே இருந்தான். அம்மா பழைய பவானி ஜமுக்காளத்தை ஹால் முழுக்க விரிச்சாங்க. இப்போ காலையில் ஒரு ரவுண்டு, சாயங்காலம் சீரியல் நேரத்தில் ஒரு ரவுண்டு. குதிச்சு ஓடினா அடியில் இருக்கிற வண்டல் கலங்கி மூத்திரத்தோட வெளியே வந்துடும்.

சுத்தம். பின்பக்கம் ஈரமாவே இருந்தா தோல் வெந்துபோகும், ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். வெதுவெதுப்பான தண்ணியில் அந்த இடத்தை மட்டும் துடைச்சுக் காய வைக்கணும். முழுசா குளிப்பாட்டக் கூடாது.

செய்யவே கூடாதது மூணு. வீட்டில் வயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்கப் பார்க்காதீங்க, பை கிழிஞ்சிடும். நம்ம மாத்திரையைக் கொடுக்காதீங்க. முக்கியமா அமாக்ஸிசிலின் வாய்வழியா கொடுத்தா குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியா செத்து முயலே போயிடலாம். மூணாவது, சிவப்பு மூத்திரத்தை நீங்களே முடிவு பண்ணாதீங்க. செடியில் இருக்கிற நிறத்தாலேயே சில நாள் ஆரஞ்சாவோ சிவப்பாவோ போகும். அது ரத்தமான்னு ஒரு சின்ன டெஸ்ட் ஸ்ட்ரிப் சொல்லிடும். கருத்தடை ஆபரேஷன் பண்ணாத வயசான பெண் முயலுக்கு ரத்தம் வந்தா கர்ப்பப்பை கேன்சராகவும் இருக்கலாம், உடனே காட்டணும். பக்கத்தில் யாரும் இல்லைன்னா, வேப்பேரி, நாமக்கல் மாதிரி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளோட சேர்ந்த ஆஸ்பத்திரிகள் இருக்கு.

முன்னாடி அம்மாவும் நானும் ஃபோன்ல பேசுறது ரெண்டு நிமிஷம்தான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரி வச்சிடட்டுமா. இப்போ இருபது நிமிஷம் பேசுறோம். ரவா எத்தனை தடவை போனான், என்ன கலர்ல போனான், எவ்வளவு தண்ணி குடிச்சான். அம்மா ஒரு பழைய டைரியில் தேதி போட்டு எழுதி வைக்கிறாங்க. என் லேப் ரெக்கார்டைவிட அது சுத்தமா இருக்கு. மூத்திரம் பேசி முடிச்சப்புறம் மத்ததெல்லாம் தானா வந்துடுது. பிளேஸ்மென்ட்ல ரெண்டு கம்பெனியில் ரிஜெக்ட் ஆனதைக்கூட அப்படித்தான் சொன்னேன்.

ரவாவுக்கு முழுசா குணமாகலை. போன எக்ஸ்-ரேயிலும் அடியில் ஒரு மெல்லிய கோடு இருந்துச்சு. இது ஒருமுறை சரிபண்ணி மறந்துடுற வியாதி இல்லை, தினமும் பார்த்துக்க வேண்டியது. ஜூன்ல எனக்குச் சென்னையில் வேலை. பார்த்துக்கப் போறது அம்மாவும் அப்பாவும்தான்.

உங்க வீட்டில் முயல் இருந்தா இன்னைக்கே கூண்டுக்கு அடியில் இருக்கிற பேப்பரைப் பாருங்க. காய்ஞ்ச கறை தடிமனா, தேய்ச்சா சொரசொரன்னு இருந்தா, அது சாப்பிடுறதை நிறுத்துற வரைக்கும் காத்திருக்காதீங்க.