மிஸோரம்: சத்தமில்லாமல் ஒரு மாற்றம்

சமாதானக் காலத்தில் பிறந்த தலைமுறை பழைய தலைவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆனால் பழைய கட்டுப்பாடுகளை விடுவதாக இல்லை.

மலை முகட்டில் அடுக்கடுக்காகத் தொற்றிக்கொண்டு நிற்கும் நகரம் ஐஸ்வால். கீழ்த் தெரு வீட்டின் மொட்டை மாடி, மேல் தெருவின் மட்டத்துக்கு வந்து நிற்கும். சாலைகள் குறுகல். வாகனங்களோ ஏராளம். ஆனால் ஸார்காட்டிலோ சான்மாரியிலோ நெரிசல் எவ்வளவு இறுகினாலும் ஹாரன் சத்தம் கேட்பது அபூர்வம். கார்கள் ஒரு வரிசையில் நிற்க, இருசக்கர வாகனங்கள் ஓரமாக இன்னொரு வரிசையில் ஊர்கின்றன. முந்திச் செல்ல யாரும் முண்டுவதில்லை. போலீஸ்காரரைவிட, பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம்தான் இங்கே பெரிய காவல். மிஸோ இளைஞர்களின் அரசியலுக்கும் அந்தக் கூச்சத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

2023 டிசம்பரில் அந்த அரசியல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1987-ல் மாநில அந்தஸ்து கிடைத்த நாளிலிருந்து மிஸோரத்தை காங்கிரஸும் மிஸோ தேசிய முன்னணியும்தான் மாறி மாறி ஆண்டு வந்தன. அந்தச் சுழற்சியை ஸோரம் மக்கள் இயக்கம் முறித்தது. சிறு கட்சிகளும் குழுக்களும் 2017-ல் சேர்ந்து உருவாக்கிய இந்த அமைப்பு, 40 இடங்களில் 27-ஐப் பிடித்தது. முன்னணிக்கு 10, காங்கிரஸுக்கு 1. முதல்வர் ஸோரம்தங்கா தன் தொகுதியிலேயே தோற்றார். வாக்கு எண்ணிக்கைக்கு முதலில் குறித்திருந்த டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. அன்று மாநிலமே தேவாலயத்தில் இருக்கும் என்று எல்லாக் கட்சிகளும் சேர்ந்து முறையிட, எண்ணிக்கை மறுநாளுக்குத் தள்ளிப் போடப்பட்டது.

தோற்ற தலைவரின் கதை லேசானதல்ல. 1959-ல் மூங்கில் பூத்தது. எலிகள் பெருகி வயல்களைத் தின்று தீர்த்தன. பஞ்சம் வந்தது. உதவி கேட்டு உருவான அமைப்புதான் 1961-ல் மிஸோ தேசிய முன்னணியாக மாறியது. 1966 மார்ச் 1-ம் தேதி லால்டெங்காவின் தலைமையில் அது தனி நாடு பிரகடனம் செய்தது. சில நாட்களில் இந்திய விமானப்படை ஐஸ்வால் மீதே தாக்குதல் நடத்தியது. கிராமங்களைக் காலி செய்து மக்களை ராணுவக் காவலில் ஒன்றாகக் குடியேற்றினார்கள். 20 வருடக் கிளர்ச்சி 1986 ஜூன் 30-ம் தேதி ஒப்பந்தத்தில் முடிந்தது. லால்டெங்காவின் வலது கரமாகக் காட்டில் இருந்தவர்தான் ஸோரம்தங்கா.

2023-ல் முதல் முறையாக ஓட்டுப் போட்ட 18 வயதுக்காரருக்கு இதெல்லாம் தாத்தா பாட்டி சொன்ன கதை. அந்தத் தியாகத்தை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் தியாகத்துக்கு எத்தனை தேர்தல் வரை வட்டி கட்டுவது என்ற கேள்விக்கு ஓட்டுப் பெட்டியில் விடை சொல்லிவிட்டார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது வேலை, சாலை, ஊழலற்ற நிர்வாகம். தொழிற்சாலைகள் அதிகம் இல்லாத மாநிலத்தில் அரசாங்க உத்தியோகமே பெரிய நம்பிக்கை. அது கிடைக்காதவர்கள் டெல்லிக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். அங்கேயும் நிம்மதி நிச்சயமில்லை. 2012 ஆகஸ்டில் ஒரு வதந்தியால் வடகிழக்கு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரிலிருந்து ரயிலேறி ஊர் திரும்பியது மறந்துவிடக் கூடியதல்ல.

வேடிக்கை என்னவென்றால், இளைஞர்கள் தேர்ந்தெடுத்த ‘புது முகம்’ லால்டுஹோமாவுக்கு அப்போது வயது 74. இந்திரா காந்தியின் பாதுகாப்புப் பணியில் இருந்த இந்த முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி, கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியிழந்த முதல் எம்.பி. என்ற பெயரை 1988-ல் பெற்றவர். ஆனால் அவருடைய கட்சியில் ஜெயித்து வந்த முகங்கள் வேறு ரகம். இந்தியக் கால்பந்து வீரர் ஜெஜே லால்பெக்லுவா ஒருவர். 32 வயதில் எம்.எல்.ஏ. ஆன முன்னாள் டி.வி. தொகுப்பாளர் பாரில் வன்னேசாங்கி இன்னொருவர். 2018-ல் ஒரு பெண்கூட ஜெயிக்காத சட்டசபைக்கு 2023-ல் மூன்று பெண்கள் வந்தார்கள். ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகமுள்ள மாநிலத்தில் மூன்று என்பது மிகக் குறைவுதான்.

விருந்தில்லாத தேர்தல்

மற்ற மாநிலத்தவர் இங்கே தேர்தலைப் பார்த்தால், தேர்தல்தானா என்று சந்தேகப்படுவார்கள். 2006-ல் பிரெஸ்பிடீரியன் சபையின் முயற்சியால் உருவான மிஸோரம் மக்கள் மன்றம் கட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விதிகளை வகுக்கிறது. விருந்து வைக்கக் கூடாது. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது கூடாது. கொடிக்கும் பேனருக்கும் வரம்பு உண்டு. பேட்டையில் ஒரே மேடை போட்டு எல்லா வேட்பாளர்களையும் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்குச் சில நிமிடம் பேசச் சொல்கிறார்கள்.

அந்த மேடைக்கு நாற்காலி போடும் கைகள் பெரும்பாலும் ஒய்.எம்.ஏ. எனப்படும் இளம் மிஸோ சங்கத்துடையவை. 1935-ல் தொடங்கிய இந்தச் சங்கத்துக்குக் கிளை இல்லாத ஊர் இல்லை. சாவு விழுந்த வீட்டில் இரவெல்லாம் துணையிருப்பதும் குழி தோண்டுவதும் அதன் இளைஞர்களே. தன்னை மறந்து பிறருக்கு உதவுவதை மிஸோக்கள் ‘த்லோம்ஙைனா’ என்கிறார்கள். இங்கே அரசியல் அறத்தின் அரிச்சுவடி அதுதான்.

திறந்த கதவும் மூடிய கதவும்

2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, சின் இன மக்கள் எல்லை தாண்டி வந்தார்கள். அகதிகளைத் தடுக்கச் சொன்னது மத்திய அரசு. மிஸோரம் கேட்கவில்லை. சுமார் 11 லட்சம் பேர் கொண்ட (2011 கணக்கு) மாநிலம் 30,000-க்கும் மேற்பட்டோருக்கு இடம் கொடுத்தது. 2023-ல் மணிப்பூர் எரிந்தபோது அங்கிருந்து வந்த குக்கி-ஸோ குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. தேவாலயங்களும் ஒய்.எம்.ஏ. கிளைகளும் அரிசியும் துணியும் திரட்டின. எல்லைக் கோட்டைவிட ரத்த உறவு பெரியது என்பதில் இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எல்லையில் வேலி போடும் திட்டத்தை எதிர்த்து 2024 பிப்ரவரியில் சட்டசபை தீர்மானமே போட்டது.

ஆனால் இதே கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை. 1997-ல் மோதலுக்குப் பயந்து 30,000-க்கும் அதிகமான புரூ பழங்குடியினர் திரிபுராவுக்கு ஓடினார்கள். 2020 ஒப்பந்தம் அவர்களை அங்கேயே குடியமர்த்தியது. 2017-ல் சக்மா மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரி இடம் மறுக்கப்பட்டதைக் கண்டித்து புத்த தன் சக்மா மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். மண்ணின் மைந்தருக்கே முதலிடம் என்ற போராட்டங்களில் முன்னணியில் நிற்பது மிஸோ மாணவர் சங்கம். குடியுரிமைத் திருத்த மசோதாவை எதிர்த்து 2019 ஜனவரியில் ஐஸ்வாலில் நடந்த ஊர்வலத்தில், இந்தியாவுக்கு விடை கொடுத்து சீனாவை வரவேற்கும் அட்டைகள்கூடத் தெரிந்தன. கோபத்தில் எழுதியவை. ஆனால் சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற பயம் உண்மையானது.

தேர்தலைச் சுத்தமாக வைத்திருக்கும் அதே ஊர்க்கட்டுப்பாடுதான் வெளியாளையும் சந்தேகத்தோடு பார்க்கிறது. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட முடியுமா என்பதே இந்தத் தலைமுறையின் முன்னால் நிற்கும் கேள்வி.

அதைத் தள்ளிப் போடவும் நேரமில்லை. 2025 செப்டம்பர் 13-ம் தேதி திறக்கப்பட்ட பைராபி-சைராங் பாதையில், 51 கி.மீ. தூரத்தை 48 சுரங்கங்களில் நுழைந்து கடந்து, ஐஸ்வாலின் வாசலுக்கே ரயில் வந்துவிட்டது. வெளியூரில் படிக்கும் பிள்ளை இனி ரயிலிலேயே விடுமுறைக்கு வரலாம். காய்கறியும் சிமெண்டும் மலிவாகலாம். கூடவே வெளியாட்களும் வருவார்கள். அவர்களுடைய நுழைவு அனுமதிச் சீட்டைச் சரிபார்க்க சைராங் நிலையத்தில் ஏற்பாடு இருக்கிறது. பிளாட்பாரத்தில் இறங்கும் அந்நியரை இந்த இளைஞர்கள் எப்படி வரவேற்கிறார்கள் என்பதற்கு மட்டும் அங்கே சீட்டு கிடையாது.