மஞ்சள் மீது ஏறிய குரங்கு

எங்கள் சமூகத்தில் ஆசிரியர் ஒருவர் மௌத்தானால் அவரைப் பற்றிச் சொல்லப்படும் வார்த்தைகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கண்டிப்பானவர், நேரம் தவறாதவர், பிரம்புக்குப் பேர்போனவர். எங்களுக்குச் சிங்களம் படிப்பித்த சேரைப் பற்றி இந்த மூன்றில் ஒன்றையும் சொல்ல முடியாது. கண்டிப்பு அவரிடம் இருக்கவில்லை. மணி அடித்துச் சில நிமிடங்கள் கழிந்துதான் வகுப்புக்குள் நுழைவார். பிரம்பு ஒன்று வைத்திருந்தார். கரும்பலகையில் எழுத்துகளைச் சுட்டிக்காட்டவும், பாடசாலை வளவில் மாங்காய் தட்டவும் மட்டுமே அது பயன்பட்டது. ஆனாலும் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை எங்களுக்குப் படிப்பித்த அத்தனை பேருள்ளும், முப்பது வருடங்கள் கடந்த பின்னரும் சொல்லுக்குச் சொல் எங்கள் ஞாபகத்தில் நிற்பது அவருடைய பாடம்தான்.

2023 ஆம் ஆண்டு, றமழானுக்குச் சில வாரங்கள் இருந்தபோது அவர் மௌத்தான செய்தி வந்தது. அன்றிரவு பழைய வகுப்புத் தோழர்கள் ஆளுக்காள் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். இன்னாலில்லாஹி சொல்லி ஆரம்பித்த ஒவ்வொரு பேச்சும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பில் போய் முடிந்தது. பிறகு எல்லோரும் மௌனமானோம். மரண வீட்டுப் பேச்சில் சிரிப்பை விட்டுச் செல்வதும் ஒரு பாக்கியம்தான்.

அவர் எங்கள் ஊருக்கு 1991 இல் வந்தார். அம்பாறை மாவட்டத்தின் கரையோரக் கிராமம் அது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளின் ஈரம் காயாத காலம். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இரவில் எங்கள் வாப்பாமார் ஊர்க்காவலுக்குப் போவார்கள். பகலில் பிரதான வீதியெங்கும் சோதனைச் சாவடிகள். வெளியூர் ஆசிரியர்கள் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்த நேரத்தில் இவர் எதிர்த்திசையிலிருந்து வந்து இறங்கினார்.

கண்டி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் சிங்களம். இந்தக் காலத்தில் ஏன் சேர் இங்கு வந்தீர்கள் என்று கேட்டால், "கடிதம் எழுதினவர் ஊர்ட பேரப் பிழையா எழுதிட்டார். திருத்தச் சொல்லிப் போனா இன்னம் தூரத்துக்கு அனுப்புவாரோன்னு பயந்து வந்துட்டேன்" என்பார். உண்மைக் காரணத்தை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

நாங்கள் 'இரிக்கி' என்பதை அவர் 'ஈக்கி' என்பார். முதல் நாள் அவர் வாயைத் திறந்ததுமே வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர் கோபிக்கவில்லை. "ஒங்கட 'ரி' எங்கட ஊருக்கு வாற வழியில மலையேற ஏலாம விழுந்துட்டுது" என்றார். அதோடு அவர் எங்கள் ஆளாகிவிட்டார்.

அந்த முதல் பாடத்தில் அவர் சில சிங்களச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி வாசித்தார். மேசய, அல்மாரிய, ஜனேலய, சபத்து, துவாய, பான், கந்தோருவ. எங்களுக்குத் திகைப்பாக இருந்தது. மேசை, அலுமாரி, ஜன்னல், சப்பாத்து, துவாய், பாண், கந்தோர் என்று எல்லாமே எங்கள் வீட்டிலும் வீதியிலும் புழங்குகிற சொற்கள். "பாத்தீங்களா, பாதிச் சிங்களம் தெரியும். மிச்ச நேரத்துக்குத் தூங்குங்க" என்றார். பிறகு விளக்கினார். கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப் போனது, மற்றவை போர்த்துக்கேயர் விட்டுப் போனவை. "ரெண்டு பேரும் ஒரே வெள்ளைக்காரனுகள்ட்டத்தான் கடன் வாங்கி ஈக்கிறோம். கடன் தந்தவன் எப்பவோ கப்பலேறிப் பெய்த்திட்டான். வாங்கின நாங்க ரெண்டு பேரும்தான் இன்னம் சண்டை புடிக்கிறோம்" என்றார்.

அடுத்த கிழமை இன்னொரு பட்டியல். கடே, கூலிய, இலக்கம, சல்லி. கடையும் கூலியும் இலக்கமும் தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போன சொற்கள். நாங்கள் காசுக்குச் சொல்லும் சல்லியேதான் அவர்களுக்கும் சல்லி. "சல்லிக்கு மட்டும் எல்லா இடத்திலயும் ஒரே பேர்" என்றார்.

தமிழ் எழுத்தில் பழகிய பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் பெரிய இடைஞ்சல் ஒன்றுண்டு. தமிழில் ஒரே 'க' வல்லோசையும் தரும், மெல்லோசையும் தரும். சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. மரத்துக்கு ஒரு 'கஹ', மஞ்சளுக்கு இன்னொரு 'கஹ'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். மரத்தின் மேல் குரங்கு என்று வாசிக்கவேண்டிய இடத்தில் எங்களில் ஒருவன் மஞ்சள் மேல் குரங்கு என்று வாசித்துவிட்டான். சேர் வாசிப்பை நிறுத்தினார். கரும்பலகையில் ஒரு குவியலை வரைந்து அதன் உச்சியில் ஒரு குரங்கை உட்காரவைத்தார். பிறகு மஞ்சள் நிறச் சோக்கொன்றை அவனிடமே கொடுத்து, "மஞ்சள் ஒங்கட, நிறம் தீட்டுங்க. இந்தக் குரங்க நாளைக்குக் கறிக்குப் போடவா, கலியாண ஊட்டுக்கு அனுப்பவா?" என்று கேட்டார். எல்லோருக்கும் முந்தி அவன்தான் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் பாடம் வந்தது. "தங்கத்தில ஈக்கிற 'க' மரத்துக்கு. கல்லில ஈக்கிற 'க' மஞ்சளுக்கு." இந்த இரண்டு வசனங்களைப் பிற்காலத்தில் எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு எளிதாகச் சொல்லித் தரவில்லை.

'அத' என்ற சொல்லும் அப்படித்தான். வல்லோசையில் சொன்னால் கை, மெல்லோசையில் சொன்னால் இன்று. "இன்று நான் பாடசாலைக்கு வருகிறேன்" என்ற வசனத்தை ஒரு பிள்ளை கை என்ற ஓசையில் வாசித்ததும், "கை மட்டுந்தான் வந்தீக்கா? மத்த உறுப்பெல்லாம் ஊட்டிலயா?" என்று கேட்டார். பிறகு, "ஓதப்பள்ளியில 'தா'வயும் 'தால்'யும் மாத்தி ஓதினா லெப்பை உடுவாரா? கைக்குத் 'தா', இண்டைக்குத் 'தால்'. குர்ஆன் ஓதுற நாக்குக்கு இது ஒரு பாரமா?" என்றார். தமிழ் எழுத்து காட்டித்தராத வேறுபாட்டைக் காட்ட, ஒவ்வொரு முஸ்லிம் பிள்ளையின் வாயிலும் ஏற்கனவே இருந்த அறபெழுத்தை எடுத்தார். நான் பின்னர் ஆசிரியர் கலாசாலைக்குப் போனபோது, தாய்மொழியின் ஓசை இரண்டாம் மொழியில் குறுக்கிடுவது பற்றி விரிவுரை நடந்தது. கோட்பாடு அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. உதாரணங்களோ என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்தே இருந்தன.

சிங்களப் பிள்ளைகளே தடுமாறும் இடத்தையும் காட்டித் தந்தார். 'ந'வும் 'ண'வும், 'ல'வும் 'ள'வும் சிங்களத்தில் எழுத்தில்தான் வேறு, பேச்சில் ஒரே ஓசை. "இதில பிழை உட்டா யோசிக்க வாணாம். நீங்க சிங்களவன் மாதிரியே எழுதுறீங்கன்னு அர்த்தம்" என்பார்.

இத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழும்பினான். அவனுடைய காக்காவை முதல்நாள் சாவடியில் வெயிலில் நிற்கவைத்திருந்தார்கள். "இது செக்பொயின்ட் பாசைதானே சேர். இத என்னத்துக்கு நாங்க படிக்கணும்?" என்று கேட்டான். வகுப்பு உறைந்துபோனது.

சேர் உடனே பதில் சொல்லவில்லை. தான் வருவதற்கு முன்னரே எங்களுக்குத் தெரிந்திருந்த சிங்களச் சொற்களைச் சொல்லும்படி கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னோம். நவத்தன்ன, பஹின்ன, பென்னன்ன, கொஹெத யன்னே. நில்லுங்கள், இறங்குங்கள், காட்டுங்கள், எங்கே போகிறீர்கள். அவர் அவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் ஏவலும் விசாரணையும்தான்" என்றார். "எந்தப் பாசையிலயும் இது மட்டும் தெரிஞ்சா அந்தப் பாசை பயமாத்தான் ஈக்கும். தமிழும் அப்படித்தான். போன வருசம் எங்கட ஆக்களத் தமிழிலதானே வெளிய போகச் சொன்னாங்க?" பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு வசனத்தை எழுதினார். "பத் கேவத?" சோறு தின்றாயா? அவருடைய பக்கத்து வீட்டுச் சிங்களத் தாய், பாடசாலை விட்டு வரும் அவரிடம் தினமும் வேலிக்கு மேலால் கேட்ட கேள்வியாம் அது. "எனக்குச் சிங்களம் வந்தது இந்த வழியால. ஒங்களுக்கு வேற வழியால வந்திட்டுது. அது ஒங்கட குத்தமில்ல" என்றார். அன்றைக்குப் பகிடி ஒன்றும் சொல்லாமலே போனார்.

இன்று யோசிக்கும்போது அந்தக் கேள்வியின் கனம் புரிகிறது. 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. தமிழும் ஓர் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987 இல், 13 ஆவது திருத்தத்தில்தான். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த எங்கள் வாப்பாமார், சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துச் சொல்ல ஆள் தேடியவர்கள். அவர்களுக்குச் சிங்களம் கந்தோரின் மொழி, எங்களுக்குச் சாவடியின் மொழி. அதில் சிரிக்கவும் முடியும் என்று காட்டிய முதல் மனிதர் எங்கள் சேர். ஒரு மொழியில் ஒருமுறை மனம்விட்டுச் சிரித்த பிள்ளைக்கு அந்த மொழியில் பாதிப் பயம் போய்விடுகிறது.

1995 இல் எனக்குப் பதினைந்து வயது. ஒருநாள் சுபஹுக்குப் பின்னர் வாப்பாவுக்கு நெஞ்சு நோவெடுத்தது. தூரத்து நகரமொன்றின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. வந்தவர்களுள் சிங்களம் கொஞ்சமாவது தெரிந்தவன் நான்தான். அவர் குனிந்து, "அத ரிதெனவத?" என்று கேட்டார். இன்று நோகிறதா, கை நோகிறதா? ஒரு கணம் அந்தக் கை மட்டும் வந்த பிள்ளை என் கண்முன் வந்து நின்றது. 'தா'தான், 'தால்' அல்ல. கையைக் கேட்கிறார். வாப்பாவிடம் கேட்டேன். இடது கை தோளிலிருந்து இழுக்கிறது என்றார். "ஒவ், வம் அத" என்றேன். டொக்டர் அடுத்த வார்த்தை பேசாமல் தாதியைக் கூப்பிட்டார். வாப்பா அதற்குப் பிறகு பதினொரு வருடங்கள் எங்களோடு இருந்தார். காப்பாற்றியவன் அல்லாஹ். அந்த டொக்டரின் கையும், ஒரு பகிடியும் அதற்குக் காரணமாக இருந்தன.

விஷயத்தைச் சேரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப முழு உறுப்பும் வந்து சேந்திட்டுதே" என்றார். கண் கலங்கியிருந்தது.

1997 இல் அவர் இடமாற்றம் பெற்றுத் தன் ஊருக்குப் போனார். நானும் ஆசிரியனாகிய பிறகு பெருநாளைக்குப் பெருநாள் பேசிக்கொள்வோம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் எங்கள் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்த நாட்களில் பதறிப்போய் அவருக்கு அழைப்பெடுத்தேன். தாங்கள் சுகம் என்றார். கடைக் கதவுக்குக் கீழால் யாரோ ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்களாம். "நாலு வரிதான் மகன். அதில மூணு பிழை. 'ண' போடுற இடத்தில 'ந'. என்ட வகுப்பில இருந்தீந்தா திருத்திக் குடுத்தீப்பேன்" என்றார். நான் சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. "நாப்பது வருசம் இந்தப் பாசையப் படிப்பிச்சேன்" என்று மட்டும் சொன்னார். அவருடைய குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்பவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது விதி. ஆகவே இன்று சிங்களம் படிக்கச் சொல்லி யாரையும் கெஞ்சவேண்டியதில்லை. சம்பளப் படிவம் சொல்லிக்கொடுக்கும். ஆனால் சித்தியடைவதற்காகப் படித்த மொழி சான்றிதழோடு கோப்புக்குள் போய்விடுவதையும் பார்க்கிறேன். எங்கள் சேரின் காலத்தில் அந்த மொழியால் எங்களுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. கிடைத்தது இன்னும் தீராமல் இருக்கிறது.

ஜனாஸாவுக்கு நாங்கள் ஐந்து பேர் வேன் பிடித்துப் போனோம். அடக்கம் முடிந்து மையவாடியை விட்டு வெளியே வந்தபோது வாசலோரம் வெள்ளையுடுப்பில் ஒரு சிங்களப் பெரியவர் நின்றிருந்தார். நாங்கள் கிழக்கிலிருந்து வந்த மாணவர்கள் என்று அறிந்ததும் எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார். தன் மகளின் கலியாண அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன்னர் சேரிடம்தான் காட்டினாராம். "சிங்களத்தில் மூன்று பிழை திருத்தித் தந்தார். மாப்பிள்ளையில் பிழை இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சொன்னார்" என்று அவர் சிங்களத்தில் சொன்னதும் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாகச் சிரித்தோம். மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. அவரும் சிரித்தார். பிறகு சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் பிழைகளை ஒருநாளும் பிரம்பால் தொடாமல், சிரிக்கவைத்தே திருத்திய அந்த மனிதரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்துக்கொண்டு, அன்னாருக்கு மேலான சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.