பழைய அவுட்போர்டு மோட்டாரும் அதன் கியர் ஆயிலும்

அவுட்போர்டு மோட்டாரில் எஞ்சின் மேலே, தண்ணீர் படாத இடத்தில் இருக்கிறது. அதன் சுழற்சி ஒரு நீண்ட தண்டின் வழியாகச் செங்குத்தாக இறங்கி, நீருக்குள் மூழ்கியிருக்கும் சிறு கியர்பாக்ஸில் கிடைமட்டமாகத் திரும்பி, ப்ரொப்பல்லரைச் சுழற்றுகிறது. இந்தத் திருப்பத்தைச் செய்பவை சாய்வாக வெட்டப்பட்ட பல்சக்கரங்கள். மோட்டாரின் முழு விசையும் ஓரிரு பற்களின் குறுகிய பரப்பில் அழுந்தும் இடம் அது. அங்கே இரும்பையும் இரும்பையும் பிரித்து வைப்பது கொஞ்சம் ஆயில் மட்டுமே. வெளியே நாலாபுறமும் தண்ணீர். மோட்டாரைப் பேணுகிறவர்கள் கார்புரேட்டருக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் தரும் கவனத்தில் பாதியைக்கூட இந்தக் கியர்பாக்ஸுக்குத் தருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதுதான் காரணம்.

பழைய மோட்டார் என்றாலே ஒரே வகை ஆயில் என்று எண்ணிவிடக் கூடாது. ஆயிலைத் தீர்மானிப்பது மோட்டாரின் வயதன்று, அதன் உள்ளமைப்பு. ஓலே எவின்ரூட் 1909-இல் அமெரிக்காவில் தம் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில், சுழலும் தண்டைச் சுற்றி இறுகப் பிடிக்கும் இன்றைய ரப்பர் சீல்கள் இல்லை. ஆகவே அக்காலத்துக் கியர்பாக்ஸ்கள் பலவற்றில் ஆயிலுக்குப் பதிலாகக் கிரீஸ் அடைக்கப்பட்டது. கெட்டியாக இருந்தால்தான் அது வெளியே வழியாமல் நிற்கும். அத்தகைய மோட்டாரில் இன்றைய மெல்லிய ஆயிலை ஊற்றினால், படகு கரை திரும்புவதற்குள் கியர்பாக்ஸ் காலியாகிவிடும்.

இங்கிலாந்தின் பிரிட்டிஷ் சீகல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1930-களில் பிறந்து, அதிக மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் தயாரான மோட்டார் இது. இதன் பழைய மாடல்களில் ப்ரொப்பல்லர் தண்டுக்கு ரப்பர் சீல் கிடையாது. நெருக்கமாகப் பொருந்திய உலோகப் புஷ் ஒன்றே காவல். கொஞ்சம் ஆயில் வெளியே போகும், கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்பதை ஒப்புக்கொண்டே வடிவமைத்தார்கள். அதற்காகத்தான் SAE என்ற தர அளவில் 140 எண் கொண்ட கெட்டி ஆயிலைச் சொன்னார்கள். உள்ளே புகுந்த நீர் அந்த ஆயிலோடு குழைந்து, பால் கலந்த காப்பி நிறத்தில் ஒரு குழம்பாகிவிடும். சீகலில் இது நோயன்று. அந்தக் குழம்பே பற்களைக் காக்கும். வேறு எந்த மோட்டாரிலாவது இந்த நிறத்தைக் கண்டால் வேலையை நிறுத்தி ஆராய வேண்டும். சீகல்காரர் செய்ய வேண்டியது அளவைப் பார்த்து நிரப்புவதும், குழம்பு நீர்த்துப்போவதற்குள் மாற்றுவதும்தான். கசிவை நிறுத்தியே தீருவது என்று புஷ்ஷைக் கடைந்து சீல் பொருத்த முயல்வது வீண் வேலை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஜான்சன், எவின்ரூட், மெர்க்குரி மோட்டார்களில் ரப்பர் சீல்கள் உண்டு. நெம்புகோலால் கியர் மாறும் வகைகளுக்குப் பொதுவாக 90 எண் மரைன் கியர் ஆயில் போதும். விலக்கு ஒன்று உண்டு, அது முக்கியமான விலக்கு. 1960-களில் ஜான்சனும் எவின்ரூட்டும் மின்சாரத்தால் கியர் மாறும் மோட்டார்களைத் தயாரித்தன. அவற்றின் மின்சுருள்கள் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி வேலை செய்பவை. கெட்டி ஆயில் ஊற்றினால் கியர் பிடிக்காது. இவற்றுக்கென்றே ‘டைப் சி’ என்ற மெல்லிய ஆயில் இருந்தது. இன்றும் அதற்கு ஈடானதையே தேட வேண்டும்.

டப்பாவின் மேலுள்ள எண்களும் குழப்பும். கியர் ஆயிலின் 90, எஞ்சின் ஆயிலின் 40 அல்லது 50-ஐ ஒத்த பாகுத்தன்மை உடையது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் 90-க்குக் குறைந்தபட்சம் 13.5 சென்டிஸ்டோக், 140-க்கு 24. கார்களுக்கான ‘ஜிஎல்-5’ ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த கூட்டுப்பொருள்கள் அதிகம். அவை இரும்புப் பற்களுக்கு நல்லவை. வெண்கலப் புஷ்களை நாளடைவில் அரிக்கக்கூடும். நீரைச் சமாளிக்கும் சேர்க்கைகளும் கார் ஆயிலில் எதிர்பார்க்க முடியாதவை. விலை கூடினாலும் மரைன் ஆயிலே தக்கது.

மாற்றும்போது மோட்டாரை நேராக நிறுத்தி, மேல் திருகையும் கீழ்த் திருகையும் கழற்றி வடிக்க வேண்டும். பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் வடிகால் திருகுக்கு அருகே நட்சத்திரத் தலை கொண்ட இன்னொரு திருகு இருக்கும். அது கியர் மாற்றும் உறுப்பைத் தாங்குவது. அதைத் தெரியாமல் கழற்றினால் உள்ளே உறுப்பு நழுவி, கியர்பாக்ஸையே பிரிக்க நேரிடும். புதிய ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். மேல் துளையில் ஆயில் தலைகாட்டியதும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழ்த் திருகை மூடலாம். வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது. கசிவுகள் பலவற்றுக்கு அந்தச் சிறு வளையமே மூலம்.

வடிந்த ஆயில் பல செய்திகளைச் சொல்லும். ஆயிலைவிட நீர் கனமானது. ஆகவே ஓய்ந்து நின்ற மோட்டாரில் முதலில் தண்ணீர் வழிந்தால் சீல் போயிருக்கிறது. ப்ரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கலாம். ப்ரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்துவிடுவது நலம். மாவு போன்ற இரும்புத் துகள் சகஜம். விரலில் குத்தும் சில்லு வந்தால் பல் உடைகிறது என்று பொருள்.

ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்பது பொதுக் கணக்கு. குளிர்நாடுகளில் இதைப் பருவம் முடிந்ததும், மோட்டாரைக் கட்டி வைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். உள்ளே தங்கிய நீர் பனிக்கட்டியாகி விரிந்தால் கியர்பாக்ஸின் வார்ப்பு உறை வெடிக்கும். அந்த உறுப்பு இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது.