மெத்தென்ற வயிறு

வயிற்று வலி என்று வருபவரைப் படுக்கவைத்ததும் அறுவை மருத்துவரின் கை முதலில் தேடுவது இறுக்கத்தைத்தான். குடலில் ஓட்டை விழுந்திருந்தால் வயிறு பலகைபோல் விறைத்துக்கொள்ளும். குடலுக்குப் போகும் ரத்தம் திடீரென நின்றுபோனாலோ, முதல் சில மணி நேரம் அப்படி எதுவும் இருக்காது. மனிதர் கட்டிலில் புரண்டு அலறுவார். அழுத்திப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும். வலிப்பது ரத்தம் கிடைக்காத குடல். வயிற்றறையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அழற்சி இன்னும் எட்டவில்லை. அது எட்டி வயிறு இறுகும்போது, உள்ளே குடல் பெரும்பாலும் கறுத்திருக்கும்.

அதனால் என்னோடு பணிபுரியும் இளம் மருத்துவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: வலிக்கும் பரிசோதனைக்கும் பொருந்தவில்லை என்றால் வலியை நம்புங்கள். வயதானவர் என்றால் 'கேஸ் ட்ரபிள்' என்று ஓர் ஊசியைப் போட்டு அனுப்பிவிடும் வழக்கம் நம் ஊரில் வேரோடிக் கிடக்கிறது. அந்த ஊசிக்கும் வலி அடங்காமல் திரும்பி வருபவரை நான் எளிதில் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

அடுத்து, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். நாடி தாறுமாறாக ஓடினால் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பும். சிறுகுடலுக்கான முதன்மைத் தமனி மகாதமனியிலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாகப் பிரிவதால் கட்டி அதற்குள் நேராக இறங்கிவிடும். நம் நாட்டில் சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாற்பது வயதுப் பெண்ணுக்கும் இது வரலாம். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா? எப்போ நிறுத்தினீங்க?" என்று கேட்டாக வேண்டும். வலியோடு வாந்தியும் பேதியும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதையே உணவு நச்சு என்று எழுதிவிடுவோரும் உண்டு.

ரத்தப் பரிசோதனை இங்கே அதிகம் கைகொடுக்காது. லாக்டேட் ஏறியிருந்தால் கவலைப்பட வேண்டும். ஏறவில்லை என்பதற்காக நிம்மதி அடைய முடியாது. குடலிலிருந்து வரும் லாக்டேட்டை ஈரல் தொடக்கத்தில் அகற்றிவிடுகிறது. அமைலேஸ் சற்றே ஏறியிருப்பதைப் பார்த்துக் கணைய அழற்சி என்று முத்திரை குத்தினால் நோயாளி தவறான வார்டுக்குப் போய்விடுவார். எக்ஸ்ரே தொடக்கத்தில் ஒன்றும் காட்டாது.

முடிவு சொல்வது சிடி ஆஞ்சியோகிராம். ரத்தக்குழாயைத் துலக்கிக்காட்டும் மருந்தைச் செலுத்தாமல் எடுக்கும் சாதாரண சிடியில் அடைப்பு தப்பிவிடும். வாய்வழி மருந்து குடிக்கவைத்துக் காத்திருப்பது வீண். தமனிக் கட்டம், சிரைக் கட்டம் இரண்டும் எடுத்தால் போதும். கிரியாட்டினின் 1.8 இருக்கிறதே, செலுத்தும் மருந்தால் சிறுநீரகம் கெட்டுவிடாதா என்று தயங்குவார்கள். ரத்தம் முழுதாக நின்ற குடல் 6 மணி நேரத்துக்குள்ளேயே மீளமுடியாத நிலையை எட்டத் தொடங்கும். அந்தக் கணக்கின் முன் நான் தயங்குவதில்லை. கோரிக்கைத் தாளில் 'வயிற்று வலி' என்று மட்டும் எழுதாதீர்கள். 'குடல் தமனி அடைப்பு சந்தேகம்' என்று எழுதுங்கள். கேள்வி தெரிந்தால் கதிரியக்க மருத்துவரின் கண் நேராக அந்தத் தமனிக்குப் போகும்.

சிரை அடைப்பின் போக்கு வேறு. வயது குறைந்தவர்களுக்கும் வரும். வலி நாள்கணக்கில் மெதுவாக ஏறும். சிரைக் கட்டத்தை விட்டுவிட்டால் அது தப்பிவிடும்.

இன்னொரு வகை, தமனி மெல்லமெல்லச் சுருங்குவது. பெரும்பாலும் நெடுநாள் புகைபிடித்தவர்கள். சாப்பிட்ட அரை மணியில் வலி தொடங்கி ஓரிரு மணி நேரம் நீடிக்கும். உடல் இளைத்துக்கொண்டே போகும். புற்றுநோய் என்று அஞ்சி எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி எல்லாம் முடித்துவிட்டு வருவார்கள். பசி இல்லையா என்று கேட்டால் பசி இருக்கிறது என்பார். அப்போது உடன் வந்த மனைவியிடம் கேட்க வேண்டும். "பசிக்குதுங்கறார் சார், ஆனா ரெண்டு வாய்க்கு மேல வேணாம்னு தட்டைத் தள்ளிடறார், பயப்படறார்" என்று அவர் சொன்னால் அந்த வாரமே ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்கிறேன். சுருங்கிய தமனியில் ஸ்டென்ட் வைத்தால் பலரால் வயிறாரச் சாப்பிட முடிகிறது. தள்ளிப்போட்டால், சுருங்கிய அதே இடத்தில் ரத்தம் உறைந்து, என்றாவது ஒருநாள் தமனி முழுதாக அடைத்துக்கொள்ளலாம். அப்போது அவர் அவசரப் பிரிவுக்குத்தான் வருவார்.