பூஞ்சை மணக்கும் தீவு

தகமாட்சுவில் ஏறிய கப்பல் ஒரு மணி நேரத்தில் ஷோதோஷிமாவின் தோனோஷோ துறையில் எங்களை இறக்கிவிட்டது. செதோ உள்கடல் அலையே இல்லாமல் கிடந்தது. திரும்பிய பக்கமெல்லாம் குட்டித் தீவுகள். ஒசாகாவில் வேலை பார்க்கும் முரளி, படம் எடுக்க வேண்டிய இடங்களைக் கைப்பேசியில் வரிசை போட்டு வைத்திருந்தான். அவன் அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "சோயா சாஸ் பண்ற இடம் இங்கதானே இருக்கு?"

தோபுச்சி நீரிணை முதலில். உலகிலேயே குறுகலானது என்று கின்னஸில் ஏறியது. மிக நெருங்கும் இடத்தில் அகலம் 9.93 மீட்டர். பார்வைக்கு ஊர் வாய்க்கால்தான். அதைக் கடந்ததற்கு ஊர் அலுவலகத்தில் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிறார்கள். முரளி வாங்கினான். அடுத்து ஏஞ்சல் ரோடு: கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் மணல் பாதை. நாங்கள் போனபோது நீர் ஏறியிருந்தது. வாடகைக் காரை யமரோக்கு சோயா சாஸ் கூடத்துக்கு விட்டோம்.

அங்கே கிடைத்ததுதான் என் ஷோதோஷிமா. கூரைக்கட்டை, மண்சுவர், பீப்பாய் விளிம்பு என்று எல்லா இடத்திலும் கருப்பும் சாம்பலுமாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. யாரும் துடைப்பதில்லை; சாஸின் ருசியே அந்த நுண்ணுயிர்களின் வேலை. முந்தின நாள் நாட்டோ என்னும் புளித்த சோயாவைச் சாப்பிட்டவர்களை இத்தகைய கூடங்களுக்குள் விடத் தயங்குவார்கள். அதன் பாக்டீரியா உள்ளே புகுந்தால் கதை கெட்டது. ஆள் உயரத்தைத் தாண்டும் சீடர் மரப் பீப்பாய்கள். பலகைகளை இறுக்கிப் பிடிப்பது முறுக்கிய மூங்கில் வளையங்கள். ஏணியேறிக் குனிந்தால், வெந்த சோயாவும் கோதுமையும் உப்புநீரில் ஊறிச் சேறாகிக் குமிழி விடுகின்றன. புளிப்பும் இனிப்புமாக ஒரு நெடி. அம்மா கண்ணை மூடி மோந்துவிட்டு, "நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார், தன் வீட்டு ஊறுகாய் ஜாடியைத் திறந்தவர்போல.

இந்தத் தீவு நானூறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறது. உப்பு இங்கேயே விளைந்தது. சோயாவும் கோதுமையும் கப்பலில் வந்தன. விற்க ஒசாகா பக்கத்திலேயே இருந்தது. இன்று ஜப்பானின் சோயா சாஸ் பெரும்பாலும் உலோகத் தொட்டிகளில் விளைய, மரப் பீப்பாய்கள் ஆயிரத்துக்கு மேல் இங்கே மிஞ்சியிருக்கின்றன. பெரிய பீப்பாய் செய்யும் கைகள் அருகிப்போனதைக் கண்ட இந்தக் கூடத்தின் ஐந்தாம் தலைமுறை உரிமையாளர் யமமோத்தோ யசுவோ, 2012-ல் தச்சர்களோடு போய்த் தானே அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். நூறு வருஷம் உழைக்கும் சாமான் அது. தன் காலத்தில் தேயாத ஒன்றுக்காக ஒருவர் உளி பிடிக்கிறார் என்பது எனக்கு எந்த மலைக்காட்சியையும்விடப் பெரிதாகப் பட்டது. முரளி ஒப்பவில்லை; கன்கக்கேய் மலைப் பள்ளத்தாக்கின் ரோப்வே போச்சே என்று புலம்பினான்.

மதியம் சோமென். நூல்போல் மெலிந்த கோதுமைச் சேமியா. இந்தத் தீவில் நல்லெண்ணெய் தடவி இழுக்கிறார்கள். தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் உண்டு என்று தெரிந்ததும் சைவக்காரரான அம்மா கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். பையிலிருந்து அன்று வாங்கிய நான்கு வருஷச் சரக்கை எடுத்து நாலு சொட்டு விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். எங்கள் கிண்ணங்களில் இருந்ததைவிட அதுவே ருசி. முரளியின் மனைவி இரண்டாம் தட்டு சொன்னார்.

ஆலிவ் தோட்டம் சட்டென்று முடிந்தது. 1908-ல் மூன்று மாகாணங்களில் நட்டுப் பார்த்ததில் இந்தத் தீவில்தான் ஆலிவ் பிழைத்தது. மழை குறைவு என்பதால். மற்றபடி, காற்றாலை முன்னால் பறக்கும் சூனியக்காரிபோல் துடைப்பத்தோடு குதித்துப் படம் எடுக்கும் கூட்டம்.

சாயங்காலம் ஏஞ்சல் ரோடில் கடல் வற்றியிருந்தது. கைகோத்து நடந்தால் ஆசை பலிக்குமாம். முரளியும் மனைவியும் செருப்பைக் கழற்றிக்கொண்டு கிளம்பினார்கள். "நீங்களும் வாங்கம்மா."

"நீங்க போயிட்டு வாங்கடா. அந்தக் கடை எத்தனை மணிக்குப் பூட்டுவான்னு மட்டும் பாரு. இன்னும் ரெண்டு பாட்டில் வேணும்."