மர்சேய் நகரின் மூலப் பத்திரம்

ரோமாபுரிக்கு ஓநாய்ப் பால் குடித்த இரட்டையர். ஏதென்ஸுக்கு அதேனா தேவி தந்த ஒலிவ மரம். பழைய ஊர் எதுவானாலும் தன் பிறப்புக்கு ஒரு கதை வைத்திருக்கும். பிரான்சின் மிகப் பழைய நகரம் என்று சொல்லப்படும் மர்சேய்க்கும் ஒன்று உண்டு. அது கிரேக்கர்கள் சொன்ன கதை.

கி.மு. 600 வாக்கில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த ஃபோக்கேயா என்னும் கிரேக்க நகரத்து மாலுமிகள் ரோன் நதி கடலில் கலக்கும் பகுதிக்கு அருகே வந்து இறங்கினார்கள். அந்தக் கரை செகோபிரிஜ் என்ற குடியினருடையது. அரசன் பெயர் நன்னுஸ். அன்றைக்கு அவன் மகள் ஜிப்திஸுக்குக் கல்யாண விருந்து. வந்திருப்பவர்களில் தனக்குப் பிடித்தவனுக்குப் பெண் தன் கையால் தண்ணீர் கொடுப்பாள், வாங்கியவன் மாப்பிள்ளை. சுயம்வரம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜிப்திஸ் உள்ளூர் வாலிபர்களையெல்லாம் தாண்டிப் போய், விருந்தாளியாக உட்கார்ந்திருந்த கிரேக்கன் புரோத்திஸிடம் பாத்திரத்தை நீட்டினாள். மாமனார் மருமகனுக்கு ஊர் கட்ட இடம் கொடுத்தார். அப்படி எழுந்த ஊர்தான் மஸ்ஸாலியா, இன்றைய மர்சேய்.

அரிஸ்டாட்டில் சொன்னதாக இன்னொரு வடிவமும் இருக்கிறது. அதில் பெண்ணின் பெயர் பெத்தா, மாப்பிள்ளையின் பெயர் யூக்செனோஸ். தண்ணீருக்குப் பதில், நீர் கலந்த திராட்சை மது. ‘யூக்செனோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் ஏறக்குறைய ‘நல்ல விருந்தாளி’. கல்யாணத்துக்குப் பின் பெண்ணின் பெயரையும் கிரேக்கப் பெயராக மாற்றிவிடுகிறார்கள்: அரிஸ்தோக்செனே. அவளுக்குப் பிறந்த பிள்ளையின் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு குலம் மஸ்ஸாலியாவில் பெருமையோடு இருந்ததாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் தலைமுறைக்கு இந்தக் கல்யாணம் பழக்கமானது. சின்ன வயதில் அது எனக்கு வெறும் காதல் கதை. அரசாங்க ஆபீசில் வருஷக்கணக்காக நிலக் கோப்புகளைப் புரட்டிய பிறகு படித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. இது ஒரு மூலப் பத்திரம். கொடுத்தவர் நன்னுஸ், வாங்கியவர் புரோத்திஸ், கொடுத்த காரணம் மகளின் கல்யாணம், சாட்சி விருந்துக்கு வந்த ஊர். யாரையும் அடித்துப் பிடுங்கவில்லை, பெண்ணே மனமுவந்து தேர்ந்தெடுத்தாள், தகப்பனே இடம் தந்தார். வில்லங்கமில்லாத சொத்து! எந்த நொத்தேரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.

ஆனால் கோப்பில் ஓர் ஆட்சேப மனுவும் இருக்கிறது.

நன்னுஸ் இறந்த பிறகு மகன் கோமானுஸ் பட்டத்துக்கு வந்தான். (நம் ‘கோமான்’ போல ஒலித்தாலும் சம்பந்தமில்லை.) அவனிடம் உள்ளூர் லிகூரியன் ஒருவன் ஒரு கதை சொன்னான். சினை நாய் ஒன்று, குட்டி போட மட்டும் இடம் கொடு என்று ஆடு மேய்ப்பவனிடம் கெஞ்சியது. கொடுத்தான். குட்டிகளை வளர்க்கும் வரை இருக்கிறேனே என்றது. சரி என்றான். குட்டிகள் வளர்ந்து பெரிய நாய்களானதும், அவற்றின் பலத்தில், இது என் இடம் என்றது. ‘இன்றைக்குக் குடியிருக்க வந்தவர்கள் நாளைக்கு நமக்கு எஜமானர்கள் ஆவார்கள்’ என்பது அவன் எச்சரிக்கை.

கோமானுஸ் ஒரு திட்டம் போட்டான். மலர்த் திருவிழா நாளில் தன் ஆட்களில் சிலரை விருந்தாளிகளாக மஸ்ஸாலியாவுக்கு அனுப்பினான். இன்னும் சிலர் வண்டிகளில் நாணலுக்கும் தழைக்கும் அடியில் ஒளிந்து போனார்கள். இரவில் அவர்கள் கதவைத் திறந்துவிட, மலையில் மறைந்திருக்கும் படை உள்ளே நுழைய வேண்டும். ட்ராய் நகரத்து மரக் குதிரை இந்தத் தடவை கிரேக்கர்களுக்கு எதிராக வருகிறது. ஆனால் அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி, தான் நேசித்த கிரேக்க வாலிபனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஒளிந்திருந்தவர்களை வெளியே இழுத்துக் கொன்றார்கள். அரசனோடு 7,000 பேர் மாண்டதாகக் கதை முடிகிறது. ஊருக்கு இடம் வாங்கித் தந்த பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. ஊரைக் காப்பாற்றிய பெண்ணுக்குப் பெயர் இல்லை.

அதற்குப் பிறகு மஸ்ஸாலியர்கள் பண்டிகை நாட்களில் கோட்டைக் கதவைச் சாத்தினார்கள், மதிலில் காவல் வைத்தார்கள், வெளியூர்க்காரர்களை விசாரித்தார்கள். விருந்துக்கு வந்தவர்களால் பிறந்த ஊர், விருந்து நாளில் விருந்தாளிக்குப் பயந்தது.

இந்த ஆட்சேப மனுவைக் காப்பாற்றி வைத்தது யார்? பொம்பேயுஸ் த்ரோகுஸ் என்ற வரலாற்றாசிரியர். அவர் எழுதியது தொலைந்துவிட்டது. ஜஸ்டின் செய்த சுருக்கம் நமக்குக் கிடைத்திருக்கிறது. த்ரோகுஸ் கிரேக்கர் அல்ல. மர்சேய்க்கு வடக்கே வாழ்ந்த வொகோன்சி என்ற கோல் குடியில் வந்தவர், லத்தீனில் எழுதினார். நாய்க் கதை அவர் கைவழியாக நம்மிடம் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆடு மேய்த்தவனின் பக்கத்து ஆள் எழுதப் படித்தால்தான் அவன் மனுவும் கோப்பில் ஏறும்.

கிரேக்கர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கி.மு. 546 வாக்கில் பாரசீகப் படை ஃபோக்கேயாவை முற்றுகையிட்டது. ஊரார் கப்பலேறினார்கள், இரும்புக் கட்டியைக் கடலில் போட்டு, இது மிதந்து வரும் வரை திரும்ப மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். ஆனாலும் பாதிப் பேருக்கு மேல் ஏக்கம் தாங்காமல் திரும்பிவிட்டதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். குட்டிகள் வளர்ந்த காலத்தில், நாய்க்குத் திரும்பிப் போகப் பழைய வீடு இல்லை.

1993ல் பழைய துறைமுகத்தை ஒட்டித் தோண்டியபோது கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கிரேக்கப் படகுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தது. நம் கடற்கரைச் சலங்கும் அப்படித் தைத்ததுதான். அதன் மாதிரியில் புதிதாக ஒன்று கட்டி 2013ல் கடலில் விட்டார்கள். பெயர் ஜிப்திஸ். கோமானுஸ் பெயரை யார் வைப்பார்கள்?

என் பேரனுக்கு இரண்டு கதைகளையும் சேர்த்தே சொன்னேன். கல்யாணத்தை ரசித்துக் கேட்டான். நாய்க் கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அந்தக் குட்டிங்க அங்கேயேதானே பொறந்துச்சு தாத்தா, அதுங்க எங்க போகும்?’ என்று கேட்டான்.