காசு கொடுத்தவனுக்கு மட்டும் பூட்டு

க்ரிப்டோகிராஃபி பேப்பர் எழுதின எல்லாருக்கும் ஆலிஸ், பாப், ஈவ் மூணு பேரையும் தெரிஞ்சிருக்கும். ஆலிஸ் அனுப்புவா, பாப் வாங்குவான், நடுவுல ஈவ் ஒட்டுக் கேட்பா. ஈவ் கையில சாவி கிடைக்காத வரைக்கும் பிரச்சினை இல்லை. டிஆர்எம் என்கிற டிஜிட்டல் பூட்டுல என்ன வேடிக்கைன்னா, அங்கே பாபும் ஈவும் ஒரே ஆள். படம் பார்க்கணும்னா சாவியை அவன் மெஷினுக்குக் கொடுத்தே ஆகணும். காப்பி எடுக்கக் கூடாதுன்னா அதே சாவியை அவன்கிட்ட இருந்து மறைக்கணும். முதல் யூனிட் படிச்சவங்களுக்கே இது தேறாதுன்னு தெரியும்.

தேறவும் இல்லை. டிவிடிக்குப் போட்ட சிஎஸ்எஸ் பூட்டு 40 பிட் சாவியை நம்பி இருந்தது. (வெப் பேஜ் சிஎஸ்எஸ் இல்லை, இது வேற.) 1999-ல் அதைத் திறக்கிற ப்ரோக்ராம் வெளியே வந்துவிட்டது. வெளியிட்டவர்களில் ஒருவரான நார்வேக்காரர் யோன் யோஹான்சனுக்கு அப்போது பத்தாவது படிக்கிற வயசு. வழக்கு நடந்தது, 2003-ல் நார்வே நீதிமன்றங்கள் அவரை இரண்டு தடவை விடுதலை செய்தன. உலகத்தில் யாராவது ஒருத்தர் ஒரு தடவை உடைத்தால் போதும், பூட்டில்லாத காப்பி ஊர் முழுக்கச் சுற்றும். அதை இறக்கிக்கிறவனுக்குப் பூட்டே கிடையாது.

போன வருஷம் ஒரு பாடப்புத்தகத்தின் மின்னூல் வாங்கினேன். அச்சுப் புத்தகம் ஸ்டாக் இல்லை, இன்டர்னல் வேற நெருங்கிடுச்சு. அவங்க ஆப்புக்குள்ள மட்டும்தான் திறக்கும், 180 நாள் வாலிடிட்டி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் கறுப்பு. கோடை காப்பி பண்ண முடியாததால், 40 வரியையும் போனைப் பார்த்துப் பார்த்து லேப்டாப்பில் டைப் பண்ணினேன். பக்கத்து ரூம் நண்பன் அதே புத்தகத்தை டெலிகிராம் பிடிஎஃப்பில் தேடினான், காப்பி பண்ணினான், வேண்டிய பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்டும் எடுத்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரலை. காசு கொடுத்தவனுக்கு ஏன் மட்டமான சரக்கு என்பதுதான் கேள்வி. 181-வது நாள் புத்தகம் போச்சு. ப்ளேஸ்மென்ட் நேரத்தில் பார்த்துக்கலாம்னு மஞ்சள் அடிச்சு வெச்சதும் சேர்ந்து போச்சு.

ஆனா என்னை அதிகம் உறுத்துவது வேற. நம்ம காலேஜ்ல புத்தகம் எப்படிக் கை மாறும்னு உங்களுக்கே தெரியும். சீனியர் அண்ணாகிட்ட பாதி விலைக்கு வாங்குவோம், ஜூனியருக்குக் கால் விலைக்குத் தள்ளுவோம், அதுக்கப்புறமும் உயிர் இருந்தா மூர் மார்க்கெட் போகும். ஓரத்துல "இது கட்டாயம் வரும்"னு எழுதின பென்சில் குறிப்புக்கே தனி மதிப்பு. வீட்டுல முதல் பட்டதாரியா வர்ற எத்தனை பேர் இந்தச் சங்கிலியை நம்பிப் படிக்கிறாங்க! இதுல திருட்டு எதுவும் இல்லை. வாங்கின பொருளை விக்கிற சாதாரண உரிமை. மின்னூல்ல அந்த உரிமை இல்லை. ஏன்னா அங்கே நாம வாங்குறது புத்தகத்தை இல்லை, படிக்கிறதுக்கான அனுமதியை.

அனுமதி கொடுத்தவங்க திரும்பவும் எடுக்கலாம். 2009-ல் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், சிலருடைய கிண்டிலில் இருந்து இரண்டு புத்தகங்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். அழிந்ததில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. கதை தெரிஞ்சவங்க சிரிச்சுக்கலாம்.

சரி, பூட்டு போடச் சொன்னவங்களுக்காவது லாபமா? அமெரிக்க இசைக் கம்பெனிகளைப் பாருங்க. 2003-ல் ஐடியூன்ஸ் கடை திறந்தபோது பாட்டுக்குப் பூட்டு கட்டாயம்னு அவங்கதான் அடம் பிடிச்சாங்க. ஆப்பிள் போட்டது. ஆனா அந்தப் பூட்டோட சாவியை வேற ப்ளேயர் கம்பெனிகளுக்குத் தரலை. 200 பாட்டு வாங்கினவர் ஐபாடை விட்டு வேற ப்ளேயருக்குப் போனால் பாட்டெல்லாம் போச்சு. வாடிக்கையாளர் ஆப்பிளிடம் மாட்டினார், அவர் பின்னாடியே கம்பெனிகளும் மாட்டின. பாட்டுக்கு 99 சென்ட் என்ற விலையைக்கூட மாற்ற முடியவில்லை. கடைசியில், 2007-ல் அமேசான் எம்பி3 கடை தொடங்கியபோது, ஆப்பிளுக்கு ஒரு போட்டி வேணும்னு பூட்டில்லாத பாட்டை அங்கே கொடுத்தார்கள். 2009-ல் ஐடியூன்ஸிலும் பூட்டு போனது. கூடவே 69, 99, 129 சென்ட் என்று மூணு விலை வந்தது. பாட்டு யாருடையதா இருந்தாலும், சாவி வெச்சிருந்தவர்தான் முதலாளி.

நம்ம நாட்டுச் சட்டம் கொஞ்சம் பரவாயில்லை. 2012-ல் சேர்த்த பதிப்புரிமைச் சட்டம் 65ஏ பிரிவுப்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம். 2 வருஷம் வரை சிறை. அந்த "நோக்கம்" முக்கியமான வார்த்தை. பார்வை இல்லாதவங்களுக்காக ஒரு புத்தகத்தை அவங்க பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றவும் இதே சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்குது. ஆனா சாவியை யாரும் நமக்குத் தரணும்னு இல்லை. நான் வாங்கின புத்தகம் இருந்தப்போ ஸ்க்ரீன் ரீடரை ஆன் பண்ணிப் பார்த்தேன். பக்க எண்ணை மட்டும் வாசிச்சது. அடுத்த பக்கம், அடுத்த எண்.

எழுதுறவங்களுக்குக் காசு போகணும், அதுல சந்தேகமே இல்லை. எங்க டிபார்ட்மென்ட் தோழி ஒருத்தி கிண்டில்ல நாவல் போட்டிருக்கா. ஏத்தும்போதே டிஆர்எம் வேணுமா, வேண்டாமான்னு கேட்குமாம். யோசிக்காம வேணும்னு போட்டாளாம். மூணாவது வாரம் அந்த நாவலோட பிடிஎஃப் அவளோட வாட்ஸ்அப்புக்கே வந்துச்சு, "செம நாவல், படிச்சுப் பாரு"ங்கிற குறிப்போட.